முதுமையில் எழுத்து



கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது புலர்வதற்கு முன்பே ஜீப்புகளின் ஓசை கேட்கத் தொடங்கிவிடும். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், கோம்பை, போடி ஆகிய ஊர்களின் தெருமுனைகளில் பெண்கள் தூக்குச்சட்டியுடன் காத்து நிற்பார்கள். குமுளி வழியாகவோ, கம்பம்மெட்டு வழியாகவோ மலையேறி, கேரள மாநிலத்து இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்கு அவர்கள் செல்ல வேண்டும். பொழுது சாயும் வேளையில் இறங்கி வருவார்கள். அவர்களில் அறுபது வயதைத் தாண்டியவர்களும் உண்டு. வார இறுதியில் கூலி வாங்கும்போது அவர்களுள் சிலர் பேனாவைத் தொடுவதில்லை. இடக்கைப் பெருவிரலை நீட்டுவார்கள். மை தடவிய அந்த விரலைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூறு பேருக்குப் பதினெட்டுப் பேரே எழுத்தறிந்தவர்கள். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஏழு வயதுக்கு மேற்பட்டோரில் 80.09 விழுக்காட்டினர் எழுத்தறிந்திருந்தனர். இது பெரிய வளர்ச்சிதான். எனினும் அதே கணக்கில் ஆண்கள் 86.77 விழுக்காடு, பெண்கள் 73.44 விழுக்காடு. அதாவது, நான்கு பெண்களில் ஒருவருக்கு எழுத்து எட்டவில்லை. அந்த நான்காமவர் பெரும்பாலும் உங்கள் வகுப்பில் இருப்பவர் அல்லர். உங்கள் வீட்டுத் திண்ணையில் இருப்பவர். அவர் சிறுமியாக இருந்த காலத்தில் ஊருக்கு ஒரு பள்ளி வாய்க்கவில்லை. வாய்த்த இடத்திலும் தம்பியை இடுப்பில் சுமக்கவும், மாட்டை ஓட்டவும் வீட்டுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் பெண்பிள்ளை. 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளிப் பகலுணவுத் திட்டம் தொடங்கிய பின்னரே ஏழை வீட்டுக் குழந்தைகள் பெருமளவில் பள்ளிக்கு வந்தார்கள். அதற்குள் பலருக்கு வயது கடந்துவிட்டது.

முதியோர் வகுப்பில் எனக்கு நேர்ந்த முதல் பிழையைச் சொல்லிவிடுகிறேன். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் தமிழ்நாடெங்கும் பரவியபோது நான் சின்னமனூருக்கு அருகில் ஒரு சிற்றூரில் இளம் ஆசிரியன். நமது பகுதி அப்போது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஊர் மந்தையில் தெருவிளக்கின் கீழ் வகுப்பு நடத்தச் சென்றேன். அறிவொளிப் புத்தகக் கட்டு வந்து சேரவில்லை. பொறுமையற்றவனாக நான் ஒன்றாம் வகுப்புப் பாடநூலை எடுத்துப் போய், ‘ஆடு’ என்று எழுதிப் படம் காட்டினேன். முன்வரிசையில் இருந்த அறுபது வயது அம்மையார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏன் தம்பி, எனக்கு விவரம் தெரிஞ்ச நாளா ஆடு மேய்க்கிறேன். பொம்மை பாத்துத்தான் ஆட்டைத் தெரிஞ்சுக்கணுமா?” என்றார்.

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் இரவு தூக்கம் வரவில்லை. ஆசிரியப் பயிற்சியில் நான் கற்றதெல்லாம் குழந்தையின் உள்ளத்தைப் பற்றியது. குழந்தை எழுத்தோடு சேர்த்து உலகத்தையும் கற்கிறது. முதியவருக்கு உலகம் முன்பே தெரியும். எழுத்து மட்டுமே புதிது. இவ்வேறுபாட்டை அந்த அம்மையார் ஒரே வினாவில் எனக்கு விளக்கிவிட்டார்.

பிறகு வந்த அறிவொளிப் பாடநூல் ‘பட்டா’, ‘படி’ என்னும் சொற்களில் தொடங்கியது. இது தற்செயலாக அமைந்ததன்று. பட்டா என்பது நிலத்தின் உரிமையைக் காட்டும் தாள். நிலம் இருப்பவருக்கும், இல்லாதவருக்கும் அந்தச் சொல்லின் எடை தெரியும். இன்னொரு நுட்பமும் உண்டு. ‘அ’ என்னும் எழுத்தை எழுதிப் பாருங்கள். எத்தனை வளைவு, எத்தனை சுழி! மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல் அதனைச் சுழிப்பதற்குள் சலித்துப் போகும். ‘ப’, ‘ட’ என்பவையோ நேர்கோடுகளால் ஆனவை. முதல் நாளிலேயே எழுதிவிடலாம். எழுதிவிட்டோம் என்ற மகிழ்ச்சி மறுநாளும் அவரை வகுப்புக்கு அழைத்து வரும். தமிழில் எழுத்துகள் 247 என்று சொல்லி முதியவரை மிரட்ட வேண்டியதில்லை. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஆய்தம், அவற்றோடு சேரும் கால், கொம்பு, சுழி முதலிய சில குறிகள் இவை தெரிந்தால் பெரும்பகுதி கைவசமாகும். உகர, ஊகார வரிசைகள் மட்டும் சற்றுத் தொல்லை தருவன.

வாழ்க்கையிலிருந்து சொல்லை எடுத்துக் கற்பிக்கும் இம்முறைக்கு உலகப் புகழ் தேடித்தந்தவர் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரேயிரே. 1963-இல் அந்நாட்டின் வடகிழக்கிலுள்ள ஆங்கிக்கோசு என்னும் ஊரில், ஏறத்தாழ முந்நூறு தொழிலாளர்களுக்கு நாற்பது மணி நேரப் பாடத்தில் எழுத்தறிவிக்க அவர் முயன்றார். அந்நாட்டில் அக்காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாக்குரிமை இல்லை. ஆகவே, எழுத்தறிவிப்பது வாக்காளரை உண்டாக்குவதும் ஆயிற்று. மறு ஆண்டு இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அவர் சிறைப்பட்டு, நாட்டைவிட்டும் வெளியேற நேர்ந்தது. நம் நாடோ, எழுத்தறிந்தவர் மிகச் சிலராக இருந்தபோதே, 1951-52 பொதுத்தேர்தலில் அனைவருக்கும் வாக்களித்தது. எழுத்துக்குப் பதிலாகச் சின்னங்கள் வந்தன. இதனை எண்ணி நான் பெருமை கொள்வதுண்டு. ஆனால் சின்னம் பார்த்து வாக்களிக்கலாம். சின்னம் பார்த்துக் கடன் பத்திரத்தில் ஒப்பமிட முடியாது.

முதியோர் வகுப்பின் முதல் கருவி பலகை அன்று, மூக்குக் கண்ணாடி. நாற்பதைத் தாண்டியதும் கண்ணிலுள்ள வில்லையின் நெகிழ்ச்சி குறைந்துபோய், அண்மையிலுள்ளது மங்கத் தொடங்குகிறது. இதனைத் தமிழில் ‘வெள்ளெழுத்து’ என்பர். எழுத்தே அறியாதவருக்கு வெள்ளெழுத்து வந்தது எப்படித் தெரியும்? “எனக்கு மண்டையிலே ஏறலே” என்றுதான் அவர் சொல்லுவார். ஆசிரியரும் அதனை நம்பிவிடுவார். நானும் பல மாதங்கள் நம்பினேன். பின்னர் ஒரு கண் சிகிச்சை முகாமுக்கு அவர்களை அழைத்துச் சென்றேன். 1976-இல் டாக்டர் கோ. வேங்கடசாமி மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியிலும் கிளை உண்டு. இத்தகைய முகாம்கள் நம் பகுதிக்குப் புதியன அல்ல. கண்ணாடி அணிந்த மறுவாரமே, மந்தம் என்று நான் கருதிய மூவர் வரி பிடித்துப் படித்தார்கள். அவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மற்றொரு சிக்கலை நான் எதிர்பார்க்கவே இல்லை. சிறு வயதில் இரண்டாண்டு பள்ளி சென்று நின்றுவிட்ட சிலர் வகுப்பில் இருந்தனர். அவர்களுக்கு எழுத்து அரைகுறையாக நினைவிருந்தது. ஆனால் ‘லை’, ‘னை’, ‘றா’, ‘ணா’ வரும் இடங்களில் தடுமாறினார்கள். காரணம் எளிது. பெரியார் தம் ஏடுகளில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்றது. பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. அவர்கள் கற்றது மேலே துதிக்கை சுருண்ட பழைய ‘லை’. அவர்கள் வயலில் நின்றிருந்தபோது எழுத்து மாறிவிட்டது. அவர்களிடம் யாரும் வந்து சொல்லவில்லை.

எண்ணைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறு. படி, மரக்கால், அரைக்கால், வீசம் என்று அவர்கள் மனக்கணக்காகப் போடும் கணக்கை நான் தாளில் போட்டு முடிப்பதற்குள் விடை வந்துவிடும். அவர்களுக்குக் கணக்குக் கற்பிக்க நான் செல்லவில்லை. அவர்கள் கணக்குக்கு எழுத்துவடிவம் காட்டச் சென்றேன். அந்த எழுத்துவடிவம் என்ன செய்யும் என்பதை வகுப்பு தொடங்கிய ஐந்தாம் மாதத்தில் கண்டேன்.

என் மாணவியருள் ஒரு விதவைத் தாயார் ஏலத்தோட்ட வேலைக்குச் சென்று வந்தார். சென்ற நாளெல்லாம் வீட்டுச் சுவரில் கரியால் ஒரு கோடு போடுவது அவர் வழக்கம். அவ்வாறு பல ஆண்டுகள் போட்டு வந்தார். கூலி கொடுப்பவரின் சீட்டில் நாட்கள் குறைவாக இருக்கின்றன என்ற ஐயம் அவருக்கு எப்போதும் உண்டு; ஆனால் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. எண்களைக் கற்ற பிறகு ஒரு மாதம் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். அதில் 19 என்றிருந்தது. சுவரில் 22 கோடுகள். அங்கேயே, எல்லார் முன்னிலையிலும், “இதுலே பத்தொம்பதுன்னு போட்டிருக்கு” என்றார். மூன்று நாள் கூலி உடனே கிடைத்தது.

அடுத்த திங்கட்கிழமை அவருக்காக ஜீப் நிற்கவில்லை.

பதினொரு நாட்கள் அவர் தெருமுனையில் நின்று திரும்பினார். நான் போய்ப் பேசுவதாகச் சொன்னேன். “நீங்க வந்தா இன்னும் கெட்டுப்போகும் வாத்தியாரே” என்று தடுத்துவிட்டார். வகுப்பில் இருபத்துநான்கு பேரில் ஒன்பது பேர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவர்களை நான் குறை கூறவில்லை. எழுத்து ஒளி தரும் என்று மேடையில் முழங்கியவன் நான். அந்த ஒளி பட்டதும் முகம் சுளிப்போர் உண்டு, அவர்கள் கையில் ஒருத்தியின் அடுப்பெரிவது இருக்கிறது என்பதை நான் சிந்தித்திருக்கவில்லை. பிறகு வேறொரு ஜீப்பில் அவருக்கு இடம் கிடைத்தது. நின்றுபோன ஒன்பதின்மரில் நால்வர் திரும்பினார்கள். அன்று முதல் நான் பாடத்தை மாற்றிக்கொண்டேன். சீட்டைத் தனியே கேட்பதில்லை. பத்துப் பேரும் சேர்ந்து ஒரே நாளில் கேட்பது என்று வகுப்பிலேயே பேசி வைத்தோம். ஒருவரை ஜீப்பிலிருந்து இறக்கலாம். பத்துப் பேரை இறக்கினால் அறுவடைக் காலத்தில் காய் செடியிலேயே கிடக்கும்.

கல்லூரியில் பயிலும் உங்களில் பலர் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருப்பீர்கள். தன்னார்வலராக இத்தகைய வகுப்புக்கு அனுப்பப்படலாம். ஆகவே, இன்றைய ஏற்பாட்டையும் சுருக்கமாகச் சொல்கிறேன். 1978 அக்டோபர் 2-ஆம் நாள் தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தோன்றியது. அது 15 முதல் 35 வயது வரையிலுள்ளோரையே முதன்மையாகக் கருதியது. அறுபது வயதினர் வந்தால் விரட்டமாட்டோம். ஆனால் கணக்கில் அவர்கள் ஓரத்தில் இருந்தார்கள். 2022-இல் தொடங்கி 2027 வரைக்கும் வகுக்கப்பட்ட புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் மேல்வரம்பு இல்லை. 15 வயதைக் கடந்த எவரும் சேரலாம். எழுத்தும் எண்ணும் மட்டுமன்றி, பணம் கையாளுதல், உடல்நலம், தொழில் திறன், தொடர்கல்வி என அது விரிகிறது. இறுதித் தேர்வு படித்தல், எழுதுதல், எண் ஆகிய மூன்றுக்கும் ஐம்பது வீதம் 150 மதிப்பெண்களுக்கு நடைபெறுகிறது. தேர்வு வேண்டுமா என்று என்னைக் கேட்டால், வேண்டும் என்பேன். வாழ்நாளில் ஒருமுறையேனும் தேர்வு எழுதிய பெருமையை அவர்களுக்கு ஏன் மறுக்க வேண்டும்? மலைக்கு அப்பால், கேரளத்து ஆலப்புழை மாவட்டத்தில் கார்த்தியாயினி அம்மா என்பவர் 2018-இல் தமது 96-ஆம் வயதில் எழுத்தறிவுத் தேர்வெழுதி நூற்றுக்கு 98 பெற்றார். 2023-இல் மறையும் வரை அவர் மேலும் படிக்கவே விரும்பினார்.

ஆயினும் தேர்வோடு வகுப்பை மூடிவிடுவது பெரும் தவறு. அறிவொளி முடிந்து பத்தாண்டுகளுக்குப் பின் என் பழைய மாணவியரைச் சந்தித்தேன். பாதிப் பேர் பெயரை மட்டும் எழுதினார்கள்; சிலர் அதையும் மறந்திருந்தார்கள். புழங்காத பாத்திரத்தில் களிம்பு ஏறுவது போல எழுத்திலும் ஏறிவிட்டது. அவர்கள் வீட்டில் படிப்பதற்கு நாட்காட்டியைத் தவிர ஒன்றும் இல்லை. உடலுழைப்புக்குப் பின் ஒருவர் படிக்க வேண்டுமானால், படிக்கத் தக்க ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும்; பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்; அவருக்கு வேண்டியதாகவும் இருக்க வேண்டும். டென்மார்க் நாட்டில் 1844-இல் ரோடிங் என்னும் ஊரில் உழவர்களுக்கான மக்கள் உயர்பள்ளி தொடங்கியபோது, அங்கே பட்டம் நோக்கமாக இருக்கவில்லை. வரலாறும் பாட்டும் பேச்சும் கற்றார்கள். அத்தகைய பள்ளிகள் இன்றளவும் அந்நாட்டில் நடைபெறுகின்றன.

ஓய்வு பெற்றபின் நான் எங்கள் ஊர்ச் சாவடியில் வாரம் மூன்று நாள் மாலை ஏழு மணிக்கு வகுப்பு நடத்துகிறேன். ஜீப் திரும்பி, உலை வைத்த பிறகுதான் அவர்களால் வர முடியும்; விடியலில் எழ வேண்டுமாதலால் எட்டரைக்கு மேல் நிறுத்துவதில்லை. எழுத்துக் கற்று முடித்தவர்கள் இப்போது படிப்பது நாளிதழின் விலைப்பகுதி. போடியிலும் இடுக்கிப் புற்றடியிலும் நடக்கும் விற்பனையில் ஒரு கிலோ காய் என்ன விலை போயிற்று என்று பார்க்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் அதனைப் பறித்தவர்களுக்குத் தங்கள் கூலி மட்டுமே தெரிந்திருந்தது. காயின் விலை தெரியாது. முதன்முதலாக அதைப் படித்த அன்று சாவடியில் பேச்சு நெடுநேரம் நீண்டது. எட்டரை மணி எனக்கே மறந்துவிட்டது.

அப்போது எழுபது வயதுள்ள ஒருவர் தாளில் விரலை வைத்து, “ஏலக்காய்க்கும் ஏலம், கூவி விக்கிறதுக்கும் ஏலம். ரெண்டுக்கும் ஒரே எழுத்துத்தானா சார்?” என்று கேட்டார். முப்பது ஆண்டு தமிழ் கற்பித்த எனக்கு அந்த ஐயம் ஒருபோதும் தோன்றியதில்லை. அகராதி பார்த்து, கூவி விற்கும் ஏலம் போர்த்துக்கீசியர் வழியாக வந்த சொல் என்று அடுத்த வகுப்பில் சொன்னேன்.

“அப்ப காய்தான் முன்னாடி வந்துச்சு” என்று சொல்லிவிட்டு, அவர் இரண்டு ஏலத்தையும் தம் நோட்டில் அடுத்தடுத்து எழுதிக்கொண்டார்.