புது ஆல்பம் வாங்குமுன் பின்னட்டையைப் பாருங்கள்

ஃபங்க், ஜாஸ் ஃப்யூஷன், ஹிப் ஹாப் மூன்றும் இசைக் கடைகளில் தனித்தனி அடுக்குகளில் இருந்தாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஃபங்க் குழுவில் ஒருவர் வாசித்த டிரம்ஸ், இருபது ஆண்டு கழித்து ஒரு ராப் பாட்டுக்கு அடித்தளமாக ஓடுகிறது. ஜாஸ் மேடையில் சாக்ஸபோன் ஊதுபவர் அடுத்த வாரம் ராப் பாடகரின் பதிவில் வாசிக்கிறார். ஆகவே இந்த இசையில் புதிதாக ஆல்பம் வாங்க நினைப்பவருக்கு முன்னட்டைப் படத்தைவிடப் பின்னட்டையில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் பெயர்களே நல்ல வழிகாட்டி. டிரம்ஸ் யார், பேஸ் கிட்டார் யார், தயாரிப்பாளர் யார், வெளியிட்டது எந்த நிறுவனம் என்ற நான்கு விவரங்கள் பெரும்பாலும் போதும்.

ஃபங்க் 1960களின் நடுவில் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் உருப்பெற்றது. 1965இல் வந்த ‘பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்’, 1967இல் வந்த ‘கோல்ட் ஸ்வெட்’ ஆகிய பாடல்களில் மெட்டு பின்னுக்குப் போய்த் தாளம் முன்னுக்கு வந்தது. கிட்டார், ஊதுகருவிகள், பாடகரின் குரல் எல்லாமே தாளக் கருவிகளாக மாறின. தாளச் சுற்றின் முதல் அடியில், கர்நாடக இசையில் சமம் என்று சொல்லும் இடத்தில், குழு முழுவதும் ஒன்றாக அழுத்தி இறங்கும். மற்ற இடங்களில் ஒவ்வொருவரும் அளவாக வாசித்து அடுத்தவருக்கு வழிவிடுவார்கள். கேட்பவரின் காலை ஆட வைப்பது அந்த இடைவெளிதான்.

புதிய ஃபங்க் ஆல்பத்தை எடைபோடவும் இதுவே அளவுகோல். முதல் இரண்டு நிமிடம் பாட்டை விட்டுவிட்டு டிரம்ஸையும் பேஸையும் மட்டும் கேட்க வேண்டும். எல்லா இடத்தையும் ஒலியால் நிரப்பியிருந்தால் அது ஃபங்கின் உடையைப் போட்டுக்கொண்ட பாப் இசை. காதைப் பழக்கிக்கொள்ளப் பழைய ஆல்பங்கள் சில அவசியம்: நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த மீட்டர்ஸ் குழுவின் ‘ரிஜுவனேஷன்’ (1974), ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் குழுவின் ‘ஃப்ரெஷ்’ (1973), பார்லிமென்ட் குழுவின் ‘மதர்ஷிப் கனெக்‌ஷன்’ (1975). மூன்றாவதன் பின்னட்டையில் பூட்சி காலின்ஸ், மேசியோ பார்க்கர், ஃப்ரெட் வெஸ்லி ஆகிய பெயர்கள் இருக்கும். மூவரும் ஜேம்ஸ் பிரவுனிடம் வாசித்துவிட்டு, பார்லிமென்டின் தலைவர் ஜார்ஜ் கிளின்டனிடம் வந்தவர்கள். பார்லிமென்டின் பாணி வேறு, உடை வேறு, கதை வேறு. ஆனாலும் அந்த முதல் அடி அப்படியே இருப்பதற்கு இவர்கள்தான் காரணம்.

இன்றைய ஃபங்கில் நிறுவனத்தின் பெயரை நம்பி வாங்கலாம் என்றால் அது நியூயார்க் புரூக்ளினில் இயங்கும் டாப்டோன். கணினியில் அல்லாமல் ஒலிநாடாவில், குழுவாக உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்வது இவர்கள் வழக்கம். இந்த நிறுவனத்துக்காக ஷரன் ஜோன்ஸ் பாடிய ஆல்பங்களில் வாசித்த டாப் கிங்ஸ் குழுவினர்தான் ஏமி வைன்ஹவுஸின் ‘பேக் டு பிளாக்’ (2006) ஆல்பத்திலும் பல பாடல்களுக்கு வாசித்தார்கள். அந்த ஆல்பத்தை ரசித்தவர் அடுத்து என்ன வாங்குவது என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

ஜாஸ் ஃப்யூஷனுக்கு மைல்ஸ் டேவிஸின் ‘பிட்சஸ் ப்ரூ’ ஒரு நாற்றங்கால். 1969 ஆகஸ்டில் பதிவாகி 1970இல் வெளிவந்த இந்த இரட்டைத் தட்டில் வாசித்தவர்களில் பலர் பின்னர் தனிக்குழு கண்டார்கள். ஜோ ஜாவினுலும் வெய்ன் ஷார்ட்டரும் வெதர் ரிப்போர்ட் குழுவைத் தொடங்கினார்கள். சிக் கொரியா ரிட்டர்ன் டு ஃபாரெவர் குழுவை அமைத்தார். ஜான் மெக்லாஃப்லின் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவை உருவாக்கினார். வாசித்ததை நாடாவில் பிடித்து, பிறகு வெட்டி ஒட்டி இறுதி வடிவம் தந்தவர் தயாரிப்பாளர் டியோ மசீரோ. ஹிப் ஹாப் பிறப்பதற்கு முன்பே அதன் வேலைமுறையை அவர் கையாண்டுவிட்டார். மைல்ஸின் 1972 ஆல்பமான ‘ஆன் த கார்னர்’ இன்னும் ஒரு படி போய் ஃபங்க் தாளத்தோடு பாதல் ராயின் தபேலாவைச் சேர்த்தது. முதல் பதிப்பின் அட்டையில் வாசித்தவர்களின் பெயரே இல்லை. மைல்ஸ் வேண்டுமென்றே விட்டுவிட்டார். வெளிவந்தபோது ஜாஸ் விமர்சகர்கள் பலர் திட்டித் தீர்த்த இந்த ஆல்பம் இன்று அதன் காலத்தைவிட இளமையாக ஒலிக்கிறது.

ஃப்யூஷன் வாங்குபவர் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. கை வேகம் மட்டுமே காட்டும் ஆல்பங்கள் இந்த வகையில் ஏராளம். முதல் தடவை வாய் பிளக்க வைக்கும். மூன்றாவது தடவை அலுத்துவிடும். ஹெர்பி ஹேன்காக்கின் ‘ஹெட் ஹன்டர்ஸ்’ (1973) இதற்கு நேர் எதிர். ‘கமீலியன்’ என்ற பதினைந்து நிமிட இசையில் ஒரே பேஸ் வரி திரும்பத் திரும்ப வருகிறது. அதன் மேல் ஒவ்வொருவரும் பொறுமையாகக் கட்டிக்கொண்டே போகிறார்கள். பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற ஜாஸ் ஆல்பங்கள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று. புதியவற்றில் ஸ்நார்க்கி பப்பி குழுவின் ‘வி லைக் இட் ஹியர்’ (2014) அதே பொறுமை கொண்டது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர ஸ்டூடியோவில் ஹெட்ஃபோன் அணிந்த ரசிகர்களைச் சுற்றிலும் உட்கார வைத்து நேரடியாகவே பதிவு செய்தார்கள்.

மெக்லாஃப்லினின் வழியைப் பின்தொடர்பவர் தமிழ்நாட்டுக்கே வந்து சேர்வார். அவர் 1970களில் தொடங்கிய சக்தி குழுவில் எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபேலா, டி.எச். விநாயக்ராம் கடம். நெடுங்காலம் கழித்து அந்தக் குழு வெளியிட்ட ‘திஸ் மொமென்ட்’ (2023) கிராமி விருது பெற்றது. அதில் கஞ்சிராவுடன் இருப்பவர் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ்.

ஹிப் ஹாப்பில் தயாரிப்பாளர் என்பவர் பணம் போடுபவர் அல்லர். பாட்டின் தாளத்தையும் பின்னணி ஒலியையும் உருவாக்குபவர். ராப் பாடுபவரின் பெயரைப் பார்த்து வாங்கி ஏமாறுபவர்கள், தயாரிப்பாளரின் பெயரைப் பார்த்து வாங்கினால் அவ்வளவாக ஏமாறுவதில்லை. 1973 ஆகஸ்ட் 11இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு குடியிருப்பில் டிஜே கூல் ஹெர்க் நடத்திய விருந்தைத்தான் இந்த இசையின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். பாட்டில் டிரம்ஸ் தனியாக ஒலிக்கும் சில விநாடிகளை மட்டும் இரண்டு தட்டுகளை வைத்து மாற்றி மாற்றி நீட்டியது அவர் உத்தி. 1980களில், பழைய பதிவின் ஒரு துண்டை எடுத்துத் திரும்ப ஒலிக்கவைக்கும் சாம்பிளர் கருவிகள் வந்ததும் அந்த வேலையைப் பொத்தான்கள் ஏற்றுக்கொண்டன. ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டில் கிளைட் ஸ்டபுள்ஃபீல்ட் வாசித்த சில விநாடி டிரம்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் எடுத்தாளப்பட்டது. அவருக்கு அதற்கான உரிமைத்தொகை வரவில்லை. இந்த இசையின் வரலாற்றிலேயே மிகப் பெரிய அநியாயம் அது. வாசித்தவரின் பெயரைத் தேடிப் படிப்பது அவருக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதையும்கூட.

1991இல் பிஸ் மார்க்கி என்ற ராப் கலைஞருக்கு எதிராக நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, அனுமதி வாங்காமல் சாம்பிள் எடுப்பது முடியாமல் போனது. டி லா சோல் குழுவின் ‘த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங்’ (1989) ஆல்பம் சாம்பிள் உரிமைச் சிக்கல்களால் 2023 மார்ச் வரை இணைய இசைச் சேவைகளில் கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட ஆல்பங்களைத் தட்டாக வாங்கி வைத்திருந்தவர்களே அத்தனை ஆண்டுகளும் நிம்மதியாகக் கேட்டார்கள். அனுமதிச் செலவு கூடியதும் சிலர் சாம்பிளுக்குப் பதில் கலைஞர்களை அழைத்து வாசிக்க வைத்தார்கள். அந்தத் தீர்ப்புக்கு முன்பே வெளிவந்த, எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட் குழுவின் ‘த லோ எண்ட் தியரி’ (1991) ஆல்பத்திலும் மைல்ஸ் டேவிஸிடம் வாசித்த ரான் கார்ட்டரே ஒரு பாட்டுக்குப் பேஸ் வாசித்தார்.

டெட்ராய்ட்டைச் சேர்ந்த தயாரிப்பாளர் ஜே டில்லா தாளத்தைக் கட்டத்துக்குள் அடைக்காமல், அடிகளை இம்மி முன்னும் பின்னுமாக வைத்தார். அந்தத் தள்ளாட்டத்தைக் கையால் வாசிக்கப் பழகியதுதான் அடுத்த தலைமுறை டிரம்ஸ் கலைஞர்களின் பயிற்சி. டி’ஏஞ்சலோவின் ‘வூடூ’ (2000) ஆல்பத்தில் குவெஸ்ட்லவ் வாசித்ததைக் கேட்டால் இது விளங்கும். டில்லாவின் ‘டோனட்ஸ்’ 2006 பிப்ரவரி 7இல், அவரது 32ஆவது பிறந்தநாளில் வெளியானது. மூன்று நாளில் அவர் இறந்துபோனார். பாடகரே இல்லாத 31 சிறு துண்டுகள் கொண்ட அந்த ஆல்பம் இல்லாமல் இன்றைய ஜாஸைப் புரிந்துகொள்வது கடினம்.

மூன்று ஓடைகளும் கலந்த ஆல்பம் கென்ட்ரிக் லமாரின் ‘டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை’ (2015). முதல் பாட்டிலேயே ஜார்ஜ் கிளின்டன் இருக்கிறார். பேஸ் தண்டர்கேட், சாக்ஸபோன் கமாசி வாஷிங்டன், பியானோ ராபர்ட் கிளாஸ்பர். இந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தாலே ஓராண்டுக்கான ஆல்பங்கள் தேறிவிடும்: வாஷிங்டனின் மூன்று மணி நேரத்தை நெருங்கும் ‘த எபிக்’ (2015), தண்டர்கேட்டின் ‘டிரங்க்’ (2017), கிளாஸ்பரின் ‘பிளாக் ரேடியோ’ (2012). சிகாகோவின் டிரம்ஸ் கலைஞர் மகாயா மெக்ரேவன், குழுவோடு வாசித்ததைப் பிறகு வெட்டித் தைத்து ‘யூனிவர்சல் பீயிங்ஸ்’ (2018) ஆல்பத்தை உருவாக்கினார். மசீரோவின் கத்தரிக்கோலும் டில்லாவின் தாளமும் அதில் சந்திக்கின்றன. லண்டனிலும் இத்தகைய கூட்டம் உண்டு. எஸ்ரா கலெக்டிவ் குழுவின் ‘வேர் ஐ’ம் மென்ட் டு பி’ 2023இல் பிரிட்டனின் மெர்குரி பரிசை வென்ற முதல் ஜாஸ் ஆல்பம்.

வினைல் வாங்குபவர் ஒரு பக்கத்தில் எத்தனை நிமிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தாழ்ந்த பேஸ் ஒலிக்குத் தட்டின் வரிப்பள்ளம் அகலமாகத் தேவை. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் திணிக்கத் திணிக்க ஒலியளவையும் பேஸையும் குறைத்தாக வேண்டும். இந்த மூன்று வகை இசைக்கும் அது பெரிய இழப்பு. 180 கிராம் எடை என்ற விளம்பரத்தால் ஒலி மேம்படுவதில்லை. மறுபதிப்பு எனில் எந்த மூலநாடாவிலிருந்து, யார் மாஸ்டரிங் செய்தார் என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறதா என்பதே முக்கியம். அந்த விவரமே இல்லாத மலிவுப் பதிப்புகளைத் தவிர்ப்பது நல்லது. பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் முழு ஆல்பத்தையும் கேட்டுப் பார்த்த பிறகு பணம் கட்டலாம்; விலையில் பெரும்பங்கு கலைஞருக்கே போகிறது.

முதன்முதலாக வாங்குபவர் ‘ஹெட் ஹன்டர்ஸ்’, ‘டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை’ இரண்டோடு தொடங்கலாம். இரண்டாவதில் கெட்ட வார்த்தைகள் நிறைய வரும். வீட்டில் பிள்ளைகளோடு கேட்க வேண்டும் என்றால் பாட்டே இல்லாத ‘வி லைக் இட் ஹியர்’ ஆல்பத்தை வாங்குங்கள்.