கிதாரில் 'எஃப்' வந்ததும் நிறுத்திவிட வேண்டாம்

நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றில் கிதார் ஒன்று பீரோவின் மேல் உறையோடு படுத்திருக்கிறது. கேட்டால், "பையனுக்குப் படிப்பு அதிகமாகிவிட்டது" என்கிறோம். பல சமயம் உண்மையான காரணம் 'எஃப் மேஜர்' என்ற ஒரே ஒரு கார்ட்தான்.

பல சுரங்களை ஒரே வீச்சில் சேர்த்து ஒலிப்பதே கார்ட். சி, ஈ மைனர் என்று இரண்டு மூன்று விரல்களில் வாசித்துவந்த பிள்ளையிடம், ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து ஆறு கம்பிகளையும் அழுத்தச் சொல்கிறார்கள். டொக் டொக் என்று சத்தம் வருகிறது, கை வலிக்கிறது, தனக்கு இது வராது என்று பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது. முதல் மெட்டின் அருகே (வீணையில் சொல்கிறோமே, அதே மெட்டுதான்) கம்பி மிக விறைப்பு. பெரியவர் கையே அங்கே திணறும்.

சுலபமான வழி உண்டு. மெல்லிய கம்பியை ஒன்று, தடித்ததை ஆறு என்று எண்ணுங்கள். சி கார்டில் ஆள்காட்டி விரல் இரண்டாம் கம்பியின் முதல் மெட்டில் இருக்கும். அதை அசைக்காமல், நடு விரலையும் மோதிர விரலையும் மட்டும் ஒரு கம்பி கீழே, அதாவது மெல்லிய கம்பியின் பக்கம், நகர்த்தினால் போதும். ஐந்தையும் ஆறையும் மீட்டக் கூடாது. இதற்கு எஃப் மேஜர் செவன் என்று பெயர். பெரும்பாலான பாட்டுகளில் எஃப்பின் இடத்தில் இது காதுக்கு உறுத்தாது. சில வாரம் கழித்து, ஆள்காட்டி விரலைச் சற்றே சாய்த்து முதல் கம்பியையும் சேர்த்து அழுத்தினால் அசல் எஃப் வந்துவிடும்.

முழு எஃப்பைப் பழக விரும்புகிறவர்கள் ஐந்தாம் மெட்டில் தொடங்கி, தினம் கொஞ்சமாகக் கீழிறங்கி வரலாம். இன்னொன்று: குறுக்கு விரல் ஆறு கம்பிகளையும் நசுக்கத் தேவையே இல்லை. மூன்று, நான்கு, ஐந்தை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. இதைப் பல ஆசிரியர்கள் ஏனோ சொல்வதில்லை.

கிதாரையும் ஒருமுறை பாருங்கள். மடியில் கிடத்தி, எஃகுத் துண்டை வழுக்கி வாசிக்கும் ஹவாயன் கிதார் நம் கொல்கத்தாவில் வங்காளி நண்பர்கள் வீடுகளில் உண்டு. ரவீந்திர சங்கீதம் அதில் தனி அழகு. ஆனால் அதில் கம்பிகளை உயர்த்திக் கட்டியிருப்பார்கள். அப்படிப்பட்ட கிதார் உங்களிடம் வந்து சேர்ந்திருந்தால் எந்த விரலும் தோற்றுத்தான் போகும். லால்பஜார் பக்கத்துக் கடைகளில் கொடுத்து உயரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த வில்லன் பி மைனர். நான்காம், மூன்றாம் கம்பிகளில் நான்காம் மெட்டு, இரண்டாம் கம்பியில் மூன்று, முதல் கம்பியில் இரண்டு. மற்ற இரண்டையும் விட்டுவிடலாம்.

சங்க விழாவில் பிள்ளைகள் பாட, இன்னொருவர் வாசிப்பதானால் 'கேப்போ' என்ற கிளிப் பேருதவி. கழுத்தில் மாட்டினால் எல்லாக் கம்பிகளையும் அதுவே அழுத்திக்கொள்ளும். பாட்டு எஃப் சுருதியில் இருந்தால் மூன்றாம் மெட்டில் மாட்டி, டி, ஜி, ஏ என்ற எளிய கார்டுகளையே பிடிக்கலாம். பாடும் பெண்ணுக்குச் சுருதி எட்டவில்லையா? கேப்போவை ஒரு மெட்டு இறக்குங்கள். கார்டுகளை மாற்ற வேண்டியதில்லை.