உங்களுக்குத் தெரியுமா? பிள்ளையின் வீட்டுக்குப் பெற்றோர் போடும் முன்பணம்

● 60 லட்ச ரூபாய்க்குத் தனி வீடு பேசி முடித்தால், வங்கி அதிகபட்சம் 48 லட்சம்தான் தரும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடன், வீட்டு மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீதி 12 லட்சத்தைக் கையிலிருந்து போட வேண்டும். அதோடு முடிந்ததா? தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். இன்னொரு 5 லட்சத்து 40 ஆயிரம். இந்தச் செலவை வீட்டு மதிப்போடு சேர்த்துக் கடன் கேட்கவும் முடியாது. வேலைக்குச் சேர்ந்து சில வருடமே ஆன பிள்ளை 17 லட்சத்துக்கு எங்கே போவான்? அப்பாவின் கிராஜுவிட்டியும் அம்மாவின் நகையும் வெளியே வருவது இந்த இடத்தில்தான்.

● பெற்றோர் அன்பளிப்பாகத் தரும் பணம் எத்தனை லட்சமானாலும் பிள்ளைக்கு வருமான வரி கிடையாது. மாமனார், மாமியார், சித்தப்பா, அத்தை, தாய்மாமன், உடன்பிறந்தவர்கள் தந்தாலும் அப்படியே. பெரியப்பா மகன் தந்தால்? வரிச் சட்டத்தின் உறவினர் பட்டியலில் அவர் இல்லை. பட்டியலில் இல்லாதவர்கள் தந்தது ஓர் ஆண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானமாகிவிடும். இன்னொரு விசித்திரம்: தாய்மாமன் அக்கா மகனுக்குக் கொடுத்தால் வரி இல்லை, அதே அக்கா மகன் பிற்காலத்தில் மாமனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தால் உண்டு!

● ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. அப்பா தந்தாலும் இதே சட்டம்தான். வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவும் அபராதமாகப் போகலாம். வங்கிக் கணக்கு வழியாகவே அனுப்புங்கள்.

● ஊர்ப்பக்கம் நஞ்சையை விற்றுப் பணம் தருகிறீர்களா? நகர எல்லையிலிருந்து மக்கள்தொகைக்கேற்ப 2 முதல் 8 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் விவசாய நிலமென்றால் மூலதன ஆதாய வரி இல்லை. வீட்டு மனையை விற்றால் அந்த வரி விற்ற அப்பாவின் தலையில்தான் விழும், பணம் முழுவதும் பிள்ளைக்கே போனாலும்.

● கொடுத்தது அன்பளிப்பா, கடனா? அன்பளிப்பு என்றால் ஒரு வெள்ளைத்தாள் போதும்: தேதி, தொகை, எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு, என்ன உறவு, திருப்பித் தர வேண்டியதில்லை என்ற வரி, இருவர் கையெழுத்து. வங்கியும் இதைக் கேட்கலாம். கடன் என்றால் புரோநோட்டு. கேட்டவுடன் தருவதாக எழுதும் புரோநோட்டுக்கு ஆயுள் 3 ஆண்டுதான். அதற்குள் பிள்ளை கொஞ்சமாவது திருப்பிக் கொடுத்து அதை எழுதிக் கையெழுத்திட்டிருக்க வேண்டும், அல்லது கடன் பாக்கி இருப்பதை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் செல்லாது. பெற்ற பிள்ளையிடம் கையெழுத்தா என்று கூசாதீர்கள். நாளை அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம் வராமல் காப்பதும் அந்தத் தாள்தான்.

● மருமகளுக்குப் பணம் கொடுத்து, அவர் அதில் வாங்கிய வீட்டை வாடகைக்கு விட்டால், அந்த வாடகை கொடுத்த மாமனார் அல்லது மாமியாரின் வருமானத்தோடு சேர்க்கப்படும். மருமகனுக்குக் கொடுத்தால் இந்த விதி இல்லை.

● பலருக்கும் தெரியாதது இது. சேமிப்பை எல்லாம் அப்பா போட்டு மகன் பெயரில் வாங்கிய வீடு. மகன் உயில் எழுதாமல் இறந்துவிட்டால்? இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி மனைவி, பிள்ளைகளோடு தாய்க்கும் சம பங்கு உண்டு. தந்தை இரண்டாம் வகுப்பு வாரிசு. முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் பணம் போட்ட தந்தைக்கு ஒன்றும் கிடையாது.

மகள் விஷயம் இன்னும் வேதனை. அவருடைய சுயசம்பாத்தியச் சொத்து முதலில் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகும். அவர்கள் இல்லையென்றால் கணவரின் வாரிசுகளுக்கு. அதற்கும் பிறகுதான் பெற்றோர். 1955-இல் திருமணமான ஒரு பெண், மூன்று மாதத்தில் பாம்பு கடித்துக் கணவரை இழந்தார். புகுந்த வீடு துரத்திவிட்டது. பிறந்த வீடு படிக்க வைத்தது. வேலைக்குப் போனார், சேமித்தார். 1996-இல் உயில் இல்லாமல் இறந்தார். தாய் அந்தப் பணத்தைக் கேட்டார். 2009-இல் உச்ச நீதிமன்றம், அது கணவர் வழி வாரிசுகளுக்கே சேரும் என்று தீர்ப்பளித்தது. நியாயம் தாயின் பக்கம் இருந்தது, சட்டம் இல்லை.

அந்த மகள் உயில் எழுதியிருந்தால் பணம் தாய்க்கே வந்திருக்கும். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. எழுதியவரின் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் போதும். முன்பணம் கைமாறும் வாரத்திலேயே பிள்ளையை உட்கார வைத்து இதையும் எழுதச் சொல்லுங்கள்.