தாத்தா கடிகாரம்

தாத்தா கடிகாரம் அல்லது நெடும்பெட்டிக் கடிகாரம் என்பது, எடைக்கட்டிகளால் இயங்கும் ஊசல் கடிகாரத்தைத் தரையில் நிற்கும் உயரமான மரப்பெட்டிக்குள் அமைத்த கடிகார வகை ஆகும். இது பொதுவாக 1.8 முதல் 2.4 மீட்டர் வரை உயரமுடையது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் தோன்றியது. இதன் உயரம் அழகு கருதி மட்டும் அமைந்தது அன்று. ஊசலின் நீளமும், எடைக்கட்டிகள் இறங்க வேண்டிய தொலைவுமே பெட்டியின் அளவைத் தீர்மானித்தன.

பெயர்

அமெரிக்கப் பாடலாசிரியர் ஹென்றி கிளே வொர்க், தாத்தா ஒருவரின் கடிகாரத்தைப் பற்றிய பாடலை 1876இல் வெளியிட்டார். அப்பாடல் புகழ்பெற்றதைத் தொடர்ந்தே இப்பெயர் ஆங்கிலத்தில் பரவியது. தமிழ்ப்பெயர் அதன் மொழிபெயர்ப்பாகும்.

வரலாறு

நெதர்லாந்து அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைஜன்ஸ் 1656இல் ஊசல் கடிகாரத்தை உருவாக்கினார். தொடக்ககால ஊசல் கடிகாரங்களில் ஊசல் மிக அகலமாக வீச வேண்டியிருந்தது. எனவே குறுகிய பெட்டிக்குள் நீண்ட ஊசலை அமைக்க இயலவில்லை. 1670ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் நங்கூர வடிவப் பகுதி ஒன்று பயன்பாட்டுக்கு வந்தது. இது பற்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடுவித்து, ஊசலின் வீச்சை ஏறத்தாழ 4 முதல் 6 பாகையாகக் குறைத்தது. இதைக் கண்டுபிடித்தவர் ராபர்ட் ஹூக்கா, வில்லியம் கிளெமெண்டா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இதன் பின்னரே நீண்ட ஊசலை ஒடுங்கிய பெட்டிக்குள் அடக்க முடிந்தது.

இயங்கும் முறை

ஊசல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்ல ஒரு நொடி ஆக வேண்டுமாயின், அதன் நீளம் ஏறத்தாழ 99.4 சென்டிமீட்டராக இருத்தல் வேண்டும். பெரும்பாலான தாத்தா கடிகாரங்களில் இந்த ஊசலே உள்ளது. ஊசல் ஒருமுறை சென்று திரும்பும்போது, 30 பற்கள் கொண்ட சக்கரம் ஒரு பல் அளவு நகரும். ஆகவே அச்சக்கரம் சரியாக 60 நொடிகளில் ஒரு சுற்றை முடிக்கிறது. நொடிமுள்ளை அதன் அச்சிலேயே பொருத்திவிடலாம்.

கடிகாரத்தை இயக்கும் ஆற்றல், மெதுவாகக் கீழிறங்கும் எடைக்கட்டிகளிலிருந்து கிடைக்கிறது. 30 மணி நேரம் ஓடுபவற்றில் பெரும்பாலும் ஒரே எடைக்கட்டி இருக்கும். அதை நாள்தோறும் சங்கிலியையோ கயிற்றையோ இழுத்து உயர்த்த வேண்டும். எட்டு நாள் ஓடுபவற்றில் பொதுவாக இரண்டு எடைக்கட்டிகள் உண்டு. ஒன்று முட்களையும், மற்றொன்று மணியடிக்கும் பகுதியையும் இயக்கும். இவற்றை முகப்பிலுள்ள துளைகளில் சாவியைச் செலுத்தி முறுக்குவர்.

சில கடிகாரங்களின் முகப்பில் நிலவின் வளர்பிறை, தேய்பிறை காட்டும் வட்டு இருக்கும். இரு நிலவுகள் வரையப்பட்ட இவ்வட்டு 59 நாட்களில் ஒருமுறை சுற்றும்.

துல்லியம்

ஊசலின் நீளம் 1 மில்லிமீட்டர் கூடினால், கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 43 நொடிகள் பின்தங்கும். வெப்பத்தால் உலோகம் விரிவதும் இதே விளைவைத் தரும். எஃகுத் தண்டுடைய ஊசல், வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 நொடிகளை இழக்கும். இக்குறையை நீக்க ஜார்ஜ் கிரகாம் 1721இல் பாதரச ஊசலை அமைத்தார். தச்சராகத் தொழில் தொடங்கிய ஜான் ஹாரிசன், பித்தளைத் தண்டுகளையும் எஃகுத் தண்டுகளையும் இணைத்த ஊசலை 1726ஆம் ஆண்டளவில் உருவாக்கினார்.

இத்தகைய முன்னேற்றங்களால் நெடும்பெட்டிக் கடிகாரங்கள் வானாய்வகங்களிலும் இடம்பெற்றன. இலண்டனைச் சேர்ந்த ஜான் ஷெல்டன் செய்த வானியல் கடிகாரம் ஒன்று சென்னை வானாய்வகத்தில் பயன்பட்டது. பின்னர் அது கோடைக்கானல் வானாய்வகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது.

மதிப்பு

பழைய தாத்தா கடிகாரத்தின் மதிப்பு செய்தவர், காலம், மரம், முகப்பு ஆகியவற்றைப் பொறுத்தது. தாமஸ் டாம்பியன் (1639–1713) போன்றோரின் கடிகாரங்கள் மிக உயர்ந்த விலை பெறுகின்றன. எனினும் முகப்பிலுள்ள பெயர் எப்போதும் செய்தவருடையது அன்று, விற்றவருடையதாகவும் இருக்கலாம்.

பொறியும் பெட்டியும் தொடக்கம் முதலே ஒன்றாக இருந்தவையா என்பதே முதன்மையான கேள்வி. ஒரு கடிகாரத்தின் பொறியை வேறொன்றின் பெட்டியில் பொருத்துவது முற்காலத்திலேயே வழக்கில் இருந்தது. தாழ்வான கூரைக்கு ஏற்பப் பெட்டியின் அடிப்பகுதியையோ உச்சி அலங்காரத்தையோ வெட்டியதும் உண்டு. இத்தகைய மாற்றங்கள் மதிப்பைக் குறைக்கின்றன. அளவுக்கு மீறிய மெருகேற்றலும் பழைய மேற்பரப்பை அழித்துவிடும்.

21ஆம் நூற்றாண்டில் பழைய மரத் தளபாடங்களின் மீதான நாட்டம் குறைந்ததால், எளிய ஊர்ப்புறக் கடிகாரங்களின் விலையும் சரிந்தது. சிலவற்றைச் செப்பனிடும் செலவு அவற்றின் விலையையே மிஞ்சுகிறது. ஆயினும் பெட்டியும் பொறியும் பிரிக்கப்பட்டால், அவை எந்த ஊரில், யாரால், எவ்வாறு செய்யப்பட்டன என்பதற்கான சான்று மறைகிறது. விலை குறைந்த கடிகாரங்களுக்கே இந்த இழப்பு எளிதில் நேர்கிறது.

பராமரிப்பு

கடிகாரம் சாயாமல் உறுதியாக நிற்றல் வேண்டும். ஊசலின் அடியிலுள்ள திருகைத் திருப்பிக் குண்டை உயர்த்தினால் வேகம் கூடும், தாழ்த்தினால் குறையும். இடம் மாற்றும் முன் எடைக்கட்டிகளையும் ஊசலையும் கழற்றிவிட வேண்டும்.