அடுப்பிலிருந்து ஆவியாகும் பணம்

குடும்பச் செலவைச் சுருக்குக என்று கூறுதல் எளிது. எங்கே சுருக்குவது என்று காட்டுவதே அரிது. கோலார் தங்கவயலில் இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அங்குச் சுரங்கத் தொழில் நிறுத்தப்பட்டது. மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீஃப் முதலிய பகுதிகளின் பழைய தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து பலர் இன்று இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். இத்தகைய இல்லங்களில் அரிசியையும் பருப்பையும் குறைப்பது உடலைக் குறைப்பதாகும். வயிற்றைத் தொடாமல் மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் அடுப்பு.

கொதிக்கும் உலையின் கீழ்த் தீயைப் பெருக்கினால் சமையல் விரைவில் முடியும் என்பது பலருடைய நம்பிக்கை. தங்கவயல் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் உள்ளமையால், அங்கே நீர் சுமார் 97 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்துவிடுகிறது. அதன்பின் எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் உஷ்ணநிலை ஏறாது, நீர்தான் ஆவியாகும். 20 டிகிரியிலுள்ள ஒரு கிராம் நீரைக் கொதிநிலைக்குக் கொணர 77 கலோரி போதும். கொதித்த அந்நீரை ஆவியாக்கவோ ஏறக்குறைய 540 கலோரி வேண்டும். அதாவது, ஒரு தம்ளர் நீர் ஆவியாகிப் போயிற்றெனில், ஏழு தம்ளர் நீரைக் கொதிக்க வைப்பதற்குரிய எரிபொருளும் உடன் போயிற்று என்க.

ஆதலின் கொதி வந்ததும் தீயைத் தணித்து மூடியிடுதல் வேண்டும். பிரஷர் குக்கரில் ஆவி அடைபட்டு அழுத்தம் மிகுவதால் உஷ்ணநிலை 120 டிகிரியை நெருங்குகிறது. உயரமான இடங்களில் இதன் பயன் இன்னும் அதிகம். ஆனால் முழுத் தீயில் விடாது சீறும் குக்கரும் ஆவியை வீணாக்குவதே. முதல் விசில் வந்தவுடன் தீயைக் குறைத்துவிடலாம். கொள்ளு, மொச்சை போன்றவற்றை முதல்நாள் இரவே ஊறவைத்தால், நீர் பருப்பின் உள்ளே சென்றுவிடுமாதலால் வேகும் நேரம் பெரிதும் குறையும். இதற்குக் காசு ஒன்றும் செலவில்லை. முந்திய இரவில் நினைவு வரவேண்டும், அவ்வளவே.

நெருப்பு நீல நிறமாக எரிகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி படியுமானால், பெரும்பாலும் பர்னரின் துளைகள் அடைபட்டிருக்கும். பாத்திரத்தின் உட்புறத்தில் படியும் உப்புப் படிவும் உஷ்ணத்தைத் தடுக்கும். அதனையும் அவ்வப்போது சுரண்டி நீக்குதல் நலம்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். ஒரே மாதிரியான இரு பாத்திரங்களில் ஒரே அளவு நீரை ஊற்றி, ஒன்றை மூடியும் மற்றொன்றைத் திறந்தும், அதே அடுப்பில் அதே தீயில் ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, எஞ்சிய நீரைத் தம்ளரால் அளக்கச் செய்க. கள ஊழியர்கள் இல்லந்தோறும் வேறொரு வழியைச் சொல்லலாம்: 14.2 கிலோ சிலிண்டரை மாற்றும் தேதியை அடுப்படிச் சுவரில் எழுதிவைத்து, அடுத்தது எத்தனை நாள் வந்தது என்று இல்லத்தரசியே ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.