பகல் வெயிலும் இரவு விளக்கும்

இராமநாதபுரம் மாவட்டத்தில் மழைக்குப் பஞ்சம் உண்டு. வெயிலுக்குப் பஞ்சம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் மழையைக் கண்மாயில் தேக்கிவைத்து, தை மாதம் வரையில் நெற்பயிரைக் காப்பாற்றுவது நம் முன்னோர் கண்ட வழியாகும். மழை பெய்யும் நாள் வேறு, நீர் வேண்டப்படும் நாள் வேறு என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் காரியத்திலும் இதே உண்மை அடங்கியிருக்கிறது. வெயில் பகலில் காய்கிறது. விளக்கு இரவில் வேண்டியிருக்கிறது. இடையில் ஒரு சேமிப்பு இல்லையேல் பயன் பாதியாகிவிடும்.

கமுதி வட்டாரத்தில் செங்கப்படை முதலிய கிராமங்களை அடுத்து 2016-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட சூரிய மின் நிலையத்தை நம்மில் பலர் அறிவோம். அதன் திறன் 648 மெகாவாட். சுமார் 2,500 ஏக்கர் நிலத்தில் ஏறத்தாழ 25 லட்சம் சூரியத் தகடுகள் பரப்பப்பட்டுள்ளன. அமைக்கப்பட்ட காலத்தில், ஒரே இடத்தில் உள்ள சூரிய மின் நிலையங்களில் உலகிலேயே பெரியது என்று அது பெயர் பெற்றது. ஆயினும், அத்தனை பெரிய நிலையமும் பொழுது சாய்ந்ததும் ஓய்ந்துவிடுகிறது. வீடுகளில் விளக்கும் விசிறியும் ஓடத் தொடங்கி மின்சாரத் தேவை ஏறுவதோ அந்த மாலை நேரத்தில்தான்.

மின்சாரத்திற்கு ஒரு தனிக் குணம் உண்டு. கம்பித் தொடரில் ஒவ்வொரு கணமும் உற்பத்தியும் செலவும் ஒத்திருக்க வேண்டும். நண்பகலில் உற்பத்தி மிஞ்சினால் சூரிய நிலையத்தின் உற்பத்தியைக் குறைக்கச் சொல்ல நேரும். மாலையில் குறைந்தால் நிலக்கரியையும் நீர்மின்சாரத்தையும் நாட வேண்டும். பகலில் மிஞ்சியதைப் பெரிய பாட்டரிகளில் சேமித்து மாலையில் வழங்கும் முறை இதற்காகவே இப்பொழுது பல இடங்களில் மேற்கொள்ளப்படுகிறது. நெய்வேலி நிறுவனம் அந்தமானில் 2020-ஆம் ஆண்டில் 20 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஒன்றை, 8,000 யூனிட் சேமிக்கக்கூடிய பாட்டரியுடன் அமைத்தது. நமது கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளிலும் சூரிய ஒளி, காற்று, பாட்டரி ஆகியவற்றைச் சேர்த்து மின்சாரம் வழங்க இந்திய அரசு 1 கோடியே 10 லட்சம் டாலர் மானியம் அளிக்க முன்வந்தது. 2024 மார்ச் மாதத்தில் அதற்கான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

இவை பெரிய திட்டங்கள். நமது பஞ்சாயத்துக்களிலும் இதே வேலையைச் சிறிய அளவில் செய்யும் சாதனங்கள் இருக்கின்றன. 2011-12-ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில், வீடு ஒன்றுக்கு ஒதுக்கப்பட்ட 1,80,000 ரூபாயில் 30,000 ரூபாய் சூரிய விளக்குகளுக்கென்றே வைக்கப்பட்டது. ஐந்தாண்டுகளில் ஒரு லட்சம் தெருவிளக்குகளைச் சூரிய சக்தியால் எரியச் செய்வதும் அக்காலத்தில் மேற்கொள்ளப்பட்ட இலக்காகும். இன்று சில ஊர்களில் கம்பம் நிற்கிறது, தகடும் பளபளக்கிறது, விளக்கு மட்டும் எரிவதில்லை. விடியுமுன் வலையுடன் கடற்கரைக்குப் போகிறவர்களும், இருட்டிய பின் ஊருணியிலிருந்து குடத்துடன் திரும்பும் பெண்களும் அதனால் அல்லற்படுகின்றனர்.

காரணம் எளியது. சூரியத் தகடு சுமார் 25 ஆண்டுகள் உழைக்கும். ஈய அமில பாட்டரியோ நல்ல பராமரிப்பிலும் சுமார் 5 ஆண்டுகளே உழைக்கும். தகட்டின் ஆயுளுக்குள் பாட்டரியைப் பலமுறை மாற்ற வேண்டும். இதற்குரிய பணத்தை முன்கூட்டியே ஒதுக்காவிட்டால், விளக்கு அணைவது தவிர்க்க முடியாததாகும்.

பாட்டரியிடம் எவ்வளவு வேலை வாங்கலாம் என்பதையும் கணக்கிட்டு அறியலாம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்று குறிக்கப்பட்ட பாட்டரி நிறைந்திருக்கும்போது 1,200 வாட்-மணி சக்தியைக் கொண்டிருக்கும். ஈய அமில பாட்டரியைப் பாதிக்கு மேல் வற்றவிடலாகாது. ஆகவே பயன்படுவது 600 வாட்-மணி. 20 வாட் எல்.இ.டி. விளக்கு 12 மணி நேரம் எரிய 240 வாட்-மணி செலவாகும். அதாவது, மேகமூட்டம் இருந்தாலும் இரண்டு இரவுகளைச் சமாளிக்கலாம். யாரேனும் அதே பாட்டரியில் தொலைக்காட்சியையோ ஒலிபெருக்கியையோ இணைத்துவிட்டால் கணக்கு தவறிவிடும். அடிக்கடி அடிவரை வற்றிய பாட்டரியின் ஈயத் தகடுகளில் வெண்மையான உப்புப் படிந்து, மீண்டும் மின்சாரம் ஏறாதபடி கெட்டுவிடும்.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியவை சில:

நீர் ஊற்றும் வகையைச் சேர்ந்த பாட்டரியில் மாதம் ஒருமுறை மட்டம் பார்த்து, வாலை வடிநீர் மட்டுமே ஊற்ற வேண்டும். நமது பகுதியின் கிணற்று நீர் உவர்ப்பானது. அதை ஒருபோதும் ஊற்றலாகாது.

கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றினால் முனைகளில் பூப்புக் கண்டுவிடும். அதைத் துடைத்து வாசலின் தடவ வேண்டும். தகட்டின்மீது படியும் உப்பையும் தூசியையும் வாரம் ஒருமுறை நல்ல நீரால் கழுவ வேண்டும். தகட்டின்மீது நிழல் விழும்படி வளரும் சீமைக் கருவேலை வெட்டிவிட வேண்டும்.

பாட்டரி, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் இருக்க வேண்டும். வெப்பம் மிகுந்தால் அதன் ஆயுள் குறையும். மின்சாரம் ஏறும்போது எளிதில் தீப்பற்றும் வாயு வெளிவருமாதலால் அருகில் நெருப்புக் கூடாது.

பழைய பாட்டரியை ஊரில் உடைத்து ஈயம் எடுப்பது குழந்தைகளுக்குப் பெருந்தீங்காகும். 2022-ஆம் ஆண்டின் விதிகளின்படி, பழையவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளரைச் சேர்ந்தது.

இப்பொழுது லித்தியம் பாட்டரிகளும் கிடைக்கின்றன. விலை அதிகமாயினும் அவை நீண்ட காலம் உழைக்கும். நீர் ஊற்ற வேண்டியதில்லை.

எல்லாவற்றிற்கும் பாட்டரி வேண்டும் என்பதும் இல்லை. விவசாயி சூரிய பம்பினால் பகலில் நீர் இறைத்துத் தொட்டியில் நிரப்பிக்கொண்டால், அத்தொட்டியே அவருக்குப் பாட்டரியாகும். பஞ்சாயத்தின் மேல்நிலைத் தொட்டிக்கும் இது பொருந்தும். வீட்டுக் கூரையில் தகடு பொருத்த 2024-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் நிர்ணயிக்கப்பட்டது. மின்வாரியக் கம்பியுடன் இணைந்த, பாட்டரி இல்லாத அமைப்பில், ஊரில் மின்சாரம் நின்றால் கூரைத் தகட்டின் மின்சாரமும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் தொழிலாளியின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. இதனை அறிந்தே விண்ணப்பிக்க வேண்டும்.

கண்மாயை வெட்டியவர்கள் அத்துடன் நின்றுவிடவில்லை. ஆண்டுதோறும் மண் அள்ளிக் கரையை உயர்த்தும் குடிமராமத்து முறையையும் வகுத்தனர். சூரிய விளக்கை ஏற்கும் பஞ்சாயத்தும் அவ்வாறே செய்தல் வேண்டும். விளக்குகளின் பட்டியலையும், பாட்டரி பொருத்திய தேதியையும் ஒரு பதிவேட்டில் எழுதிவைத்து, மாற்றுச் செலவில் ஐந்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கி, கிராம சபையில் அக்கணக்கைப் படிக்க வேண்டும். அங்கத்தினர்கள் இதற்கு முன்வருவார்களாயின், நம் ஊர்களில் அணைந்துள்ள விளக்குகள் மீண்டும் எரியும்.