காய்கறிச் சங்கமும் சர்க்கார் மானியமும்

நாஞ்சில் நாட்டைத் திருவாங்கூரின் நெற்களஞ்சியமென்று நம் முன்னோர் அழைத்தார்கள். அது வெறும் முகஸ்துதியன்று. 1906-ம் வருஷம் பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்த பின் தோவாளை, அகஸ்தீசுவரம் தாலுகாக்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இருபோகமும் நிலைபெற்றன. 1956-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி இந்நாடு தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தது. அதற்குப் பின் வந்த காலத்தில் நெல்வயல்களில் பெரும்பகுதி வாழையாகவும் தென்னையாகவும், அதற்கும் மேலாக வீட்டு மனையாகவும் மாறிவிட்டது. எஞ்சியுள்ள நிலத்தையேனும் குடியானவன் கையில் நிறுத்தி வைக்க வழியுண்டா என்பதே இன்று நம் முன் உள்ள கேள்வி. காய்கறிப் பயிரும், அதைப் பயிரிடுவோர் கூடி நடத்தும் சங்கமும் அவ்வழிகளில் ஒன்று என்பது நமது அபிப்பிராயம்.

வழுதுணங்காயும் வெள்ளரியும் புடலையும் பாகலும் செழிக்கும் மண் இது. கிழக்கே வடசேரிச் சந்தை அருகிலிருக்கிறது. மேற்கே எல்லை தாண்டினால் ஓணத்துக்குக் காய்கறி தேடும் கேரளம் இருக்கிறது. அப்படியிருந்தும் நமது அவியலுக்கு வேண்டிய காய்கறியில் ஒரு பங்கு ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே லாரியேறி வருகிறது. இதற்குக் காரணம் நமது குடியானவரின் சோம்பல் என்று கூறுவோர் அவரை அறியாதவர். அரை ஏக்கர் நிலத்தில் பந்தல் போட்டவன் இரண்டு சாக்குக் காயைச் சுமந்துகொண்டு தனியே சந்தைக்குப் போகிறான். மாலைக்குள் விற்காவிடில் அது அழுகிவிடும். விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்தவரும், காயை எடுத்துக்கொள்பவரும் ஒரே வியாபாரியாயிருந்தால், விலை சொல்லும் வாய் யாருடையது என்பதை விளக்கவும் வேண்டுமோ?

தனியொருவனால் ஆகாததைச் சங்கம் செய்யும். அதற்குச் சர்க்கார் பணமும் ஒதுக்கப்பட்டதுண்டு. 2017-18-ல் தமிழ்நாட்டு சர்க்கார் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், நூறு சிறு விவசாயிகள் கொண்ட குழு ஒன்றுக்கு உழவுக் கருவிகள் வாங்க 5 லட்சம் ரூபாய் என்று விதிக்கப்பட்டது. 2020-ம் வருஷம் பெப்ரவரியில் இந்திய சர்க்கார் பதினாயிரம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை அமைக்கும் திட்டத்தை வெளியிட்டு, 6,865 கோடி ரூபாய் ஒதுக்கிற்று. சமவெளியில் 300 உறுப்பினரேனும் சேர்ந்த நிறுவனத்துக்கு நிர்வாகச் செலவாக மூன்று வருஷத்தில் 18 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். உறுப்பினர் செலுத்தும் பங்குத் தொகைக்கு ஈடாக, ஆளுக்கு 2,000 ரூபாய்க்கு மேற்படாமல், நிறுவனத்துக்கு 15 லட்சம் வரை சர்க்காரும் செலுத்தும். இவை திட்டத்தின் விதிகள்.

இவ்விதிகளில் ஒரு நுட்பம் இருக்கிறது; அதைப் பலர் கவனிப்பதில்லை. 18 லட்சம் ரூபாயை 36 மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 50,000 ரூபாய். நிர்வாகியின் சம்பளம், கணக்கரின் சம்பளம், வாடகை எல்லாம் இதற்குள் அடங்கும். முப்பத்தேழாம் மாதம் இப்பணம் எங்கிருந்து வரும்? விற்பனையில் நூற்றுக்கு ஐந்து வீதம் சங்கம் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். மாதந்தோறும் 10 லட்சம் ரூபாய்க்குக் காய்கறி விற்றாலன்றி அந்த 50,000 கிடையாது. கிலோ 20 ரூபாய் என்றால் ஐம்பதினாயிரம் கிலோ. முந்நூறு பேருக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்தரைக் கிலோவுக்குச் சற்று மேல்.

இஃது எட்டாத உயரமன்று. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. உறுப்பினர் தம் காயைச் சங்கத்துக்கே கொண்டுவர வேண்டும். சந்தையில் ஒரு ரூபாய் ஏறியதும் அங்கே ஓடி, விலை இறங்கியதும் சங்கத்தின் திண்ணைக்குத் திரும்பினால், எந்த மானியமும் அச்சங்கத்தைக் காப்பாற்றாது. 1904-ம் வருஷத்து ஐக்கிய நாணயச் சங்கச் சட்டம் தொடங்கி இன்று வரை, மானியத்தோடு பிறந்து மானியத்தோடு மறைந்த சங்கங்களை இத்தேசம் கண்டிருக்கிறது. நோய் பணக்குறைவு மட்டுமன்று, பற்றுக்குறைவுமாகும்.

அண்டை நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 1990-களில் ஐரோப்பியரின் உதவியோடு கேரளத்தில் ஒரு தோட்டக்கலைத் திட்டம் நடந்தது. வெளியார் உதவி நின்ற பின்னும் அது அழியவில்லை. 2001-ல் காய்கறி பழ அபிவிருத்திக் கவுன்சிலாக உருமாறிற்று. ஒவ்வொரு குழுவிலும் சாகுபடிக்கு ஒருவர், கடனுக்கு ஒருவர், விற்பனைக்கு ஒருவரென மூன்று விவசாயிகள் பயிற்சி பெற்றனர். குறித்த நாளில் காய்கள் ஓரிடத்தில் குவியும். வியாபாரி அங்கே தேடி வருவார். சாக்கைத் தூக்கிக்கொண்டு குடியானவன் வியாபாரியிடம் போவதற்கும், வியாபாரி குடியானவனிடம் வருவதற்கும் உள்ள வித்தியாசமே விலையின் வித்தியாசம். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: நிலமில்லாமல் பாட்டத்துக்கு எடுத்துப் பயிரிடுவோரும் அங்கே சேர்த்துக்கொள்ளப்பட்டு, பாங்கிக் கடனும் பெற்றார்கள்.

நமது ஜில்லாவில் பாட்டக்காரரின் நிலை என்ன? 2019-ல் தொடங்கிய பிரதம மந்திரியின் விவசாயி உதவித்தொகை, நிலம் தம் பெயரில் உள்ள குடும்பங்களுக்கே என்று வகுக்கப்பட்டது. சொட்டுநீர்ப் பாசன மானியத்துக்குச் சிட்டாவும் அடங்கலும் காட்ட வேண்டும். வாய்ப்பேச்சில் பாட்டம் எடுத்தவன் எதைக் காட்டுவான்? மண்வெட்டி பிடிப்பவன் ஒருவன், மானியம் பெறுபவன் மற்றொருவன் என்றால், அது விவசாய அபிவிருத்தியன்று. பட்டாவுக்குச் செய்யும் அபிஷேகமேயாகும். ஆகவே சங்கம் தன் உறுப்பினரான பாட்டக்காரருக்குச் சாகுபடிச் சான்று அளிக்கவும், அதை அதிகாரிகள் ஏற்கவும் வழி செய்ய வேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.

இந்த ஜில்லாவுக்குச் சங்கம் புதிதன்று. மார்த்தாண்டத்தில் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தார் நடத்திய கிராமப் புனருத்தாரண நிலையத்தில், ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் 1920-களிலும் 1930-களிலும் தேனீயும் கோழியும் வளர்க்கக் கற்பித்தார். தன்னுதவியும், அருகிலிருந்து சொல்லும் ஆலோசனையுமே அவரது மூலதனம். மார்த்தாண்டத்துத் தேன் இன்றும் பேர் பெற்று விளங்குவது அந்த முதலின் வட்டியன்றோ?

மானியம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அது பிரஜைகளின் வரிப்பணம். கேட்டுப் பெறுவது நமது உரிமை. அதை விதையாகப் பெற வேண்டும், சோறாகப் பெறலாகாது என்பதே நமது வாதம். பங்குத் தொகையை உறுப்பினர் முதலில் தம் கையிலிருந்து செலுத்தட்டும். சேர்ந்த முதலில் டிராக்டர் வாங்கு முன், வியாபாரியின் முன்பணத்திலிருந்து உறுப்பினரை மீட்கச் சிறு சுழல்கடன் நிதி ஏற்படட்டும். மாதந்தோறும் வரவு செலவு சங்க வாசலில் எழுதி ஒட்டப்படட்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் பொதுக் காரியத்தில் ஈடுபட்டவர்களும் ஆளுக்கொரு கிராமத்தின் கணக்கைப் பார்த்துக் கொடுக்க முன்வர வேண்டும். மேடையில் பேசும் சுயராஜ்யத்துக்கு நமது கிராமங்களில் அஸ்திவாரம் அந்தக் கணக்குப் புஸ்தகமே.